தாவாரத்து டம்ளர்

கண்ணு,

சாப்பிட்டு முடித்துவிட்டு இதைப் படி. சாப்பாட்டுக்கு முன்னால் படிக்கிற சங்கதி இல்லை. இதை ஒளித்துப் படிக்கவும் வேண்டாம். உன் வீட்டுக்காரிக்குக் காட்டு, உன் தங்கச்சிக்கு அனுப்பு, சின்னக் குழந்தை வைத்திருக்கிற உன் சிநேகிதர்கள் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. முப்பது வருஷம் நான் மூடி வைத்ததால்தான் இது இப்படி நாறுகிறது.

கோயமுத்தூரில் உன் வீட்டிலிருந்து கிளம்பியபோது முட்டி வலி என்று சொன்னேன். பத்து நாள் இருக்கிறேன் என்று வந்தவள் நாலாம் நாளே பையைத் தூக்கியதும் நீ பதறிப்போய், "ஏம்மா, அவ ஏதாச்சும் சொன்னாளா?" என்று மாடிப்படி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாய். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. முட்டியும் வலிக்கவில்லை. நேற்று மறுபடியும் போன் செய்து, "அடுத்த மாசம் தியாவ ஸ்கூல்ல சேக்கறோம், எதத் தொட்டாலும் வாயில வெக்கறா, நீ வந்து எனக்குப் பழக்கின மாதிரி அவளுக்கும் பழக்கி உடும்மா" என்றாய். எனக்குப் பழக்கின மாதிரி! அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

நான் வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் நடந்தது உனக்கு நினைவிருக்கும். ஆனால் நீ அதைச் சிரிப்பாகத்தான் நினைத்திருப்பாய். தியா கீழே மணலில் விளையாடிவிட்டு மேலே வந்தாள். அந்த மணலில் பூனை வெளிக்குப் போகும், நானே என் கண்ணால் பார்த்தேன். நகக்கண் எல்லாம் கறுப்பு. வந்தவள் நேராக டப்பாவைத் திறந்து முறுக்கை எடுத்து வாயில் போட்டாள். நீங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரம் கழுவ வரும் செல்வி வேலையை முடித்துவிட்டு, போகிற போக்கில் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி முத்தி, தன் பையிலிருந்து ஒரு கடலை மிட்டாய் எடுத்துக் கையில் கொடுத்தாள். செல்வி தலை மறைந்ததும் தியா மிட்டாயை மேசைமேல் வைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, சோப்புப் போட்டு, முழங்கை வரை தேய்த்து, ஒன்று இரண்டு என்று இருபது வரை எண்ணிக் கை கழுவினாள். கன்னத்தையும் கழுவினாள். "ஏன் சாமி?" என்றேன். "செல்விக்கா தொட்டாங்கல்ல பாட்டி" என்றாள். "ஆரு சொன்னா?" என்றால், "அப்பா." நீ சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் உன்ற ட்ரெயினிங்தாம்மா!" என்று சிரித்தாய். நான் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மருமகளிடம் சொன்னேன்.

அப்புறம் பின்பக்கத்து பால்கனிக்குப் போனேன். துணி துவைக்கிற மெஷினுக்கு மேலே, சுவர்த் திட்டில், செல்விக்கென்று நீங்கள் வைத்திருக்கிற டம்ளர். பக்கத்திலேயே கக்கூஸ் கழுவுகிற ஆசிட் பாட்டில். அதற்குப் பக்கத்தில், கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்த பினாயில். உள்ளே உங்கள் டம்ளர்கள் கண்ணாடி அலமாரியில் கவிழ்த்து, மேலே வெள்ளைத் துணி போட்டு இருக்கின்றன. நான் அந்தத் திட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கோயமுத்தூரில் நாலாவது மாடியில் நிற்கிறேன் என்பதே மறந்துபோய், ஊரில் நம் மாட்டுச்சாலைத் தாவாரத்தில், ஓட்டுச் சரிவுக்கு அடியில் நிற்கிற மாதிரி இருந்தது.

நான் உனக்கு எப்படிப் பழக்கினேன் என்று சொல்கிறேன், கேள். அஞ்சாவதோடு நின்றவள் நான். வாரப் பத்திரிகையில் வருகிற குழந்தை வளர்ப்புப் பக்கம், பஞ்சாயத்தில் கொடுத்த நோட்டீஸ், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தாள் என்று எது கிடைத்தாலும் எழுத்துக் கூட்டிப் படித்து, நம் ஊர் கேரள எல்லைக்குள் என்பதால் மலையாள எழுத்தையும் பஸ் போர்டு பார்த்தே கற்றுக்கொண்டு, உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நோட்டு போட்டேன். தடுப்பூசி போட்ட நாள், வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்த நாள், நகம் வெட்டிய வெள்ளிக்கிழமை, விழுந்த பல், காய்ச்சல் எத்தனை நாள் என்று ஒன்று விடாமல் எழுதினேன். அந்த நோட்டைப் பார்த்து அங்கன்வாடி டீச்சரே, "இவங்க மாதிரி ஒவ்வொரு அம்மாவும் இருந்தா என்ற வேலை மிச்சம்" என்றார். அதில் எனக்குத் தலைகொள்ளாத பெருமை. குளிக்காமல் அடுப்பங்கரைக்குள் போகமாட்டேன், விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணி குடிக்கமாட்டேன், எச்சில் பட்ட கரண்டியை ஏழு தரம் கழுவுவேன். சுத்தம் என்றால் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பெருமையை நினைத்தால்தான் உடம்பெல்லாம் கூசுகிறது.

ஏனென்றால் நோட்டில் எழுதாத ஒரு பாடத்தை முதல் பாடமாக உனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். மாட்டுச்சாலைத் தாவாரத்தில், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைத்திருந்த அலுமினிய டம்ளர். நம் காட்டுக்கு வேலைக்கு வருகிறவர்கள் அதில்தான் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு அவர்களே கழுவி அவர்களே செருக வேண்டும். நாம் தொடக்கூடாது. அவர்கள் அதை இரண்டு கையாலும் ஏந்துவார்கள், நான் படிமேல் நின்று செம்பை உயரத் தூக்கி ஊற்றுவேன். செம்பு டம்ளரில் இடிபடக் கூடாது. நடக்கப் பழகிய நாளிலிருந்து உனக்கு இதைச் சொன்னேன். "அது அசிங்கம் கண்ணு, தொட்டா கை கழுவணும்." மாட்டுச் சாணியை மிதித்துவிட்டு வந்தால் சிரிப்பேன். அப்படி வேலைக்கு வருகிற ராசம்மாவின் மகளோடு கல்லாங்காய் ஆடிவிட்டு வந்தால் கிணற்றடியிலேயே நிறுத்தித் தலைக்குத் தண்ணி ஊற்றுவேன். நாற்றத்தைக் கண்டு பயப்படக் கற்றுக்கொடுக்கவில்லை, கிருமியைக் கண்டு பயப்படக் கற்றுக்கொடுக்கவில்லை, மனுஷரைக் கண்டு முகம் சுளிக்கக் கற்றுக்கொடுத்தேன். அதையே சுத்தம் என்றும் சொல்லிக்கொடுத்தேன்.

உனக்கு அப்போது ஆறு வயசு. ராசம்மா கடலைக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் மகள் பொன்னிக்கு அஞ்சு வயசு இருக்கும். பள்ளிக்கூடம் லீவு, அம்மா கூடவே வந்திருந்தது. அன்றைக்குக் காலையில் உங்கப்பா கத்திரிச் செடிக்குப் பூச்சி மருந்து கலக்கினார். மருந்தை அளக்க ஏதாவது வேண்டும். வீட்டுப் பாத்திரத்தைத் தொட்டால் நான் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். வீட்டுப் பாத்திரம் என்று நாங்கள் எண்ணாத ஒரே பாத்திரம் தாவாரத்தில் செருகியிருந்தது. அதில் அளந்து ஊற்றிவிட்டு, ஒரு வாய்த் தண்ணி விட்டு அலசி, அப்படியே திரும்பவும் செருகிவிட்டார். அதில் மனுஷர் குடிப்பார்கள் என்பது அவருக்கு மறந்துபோகவில்லை, கண்ணு. அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் தலையில் போட்டுவிட்டால் எனக்குச் சுலபம். போடமாட்டேன். அந்த டம்ளருக்கு அந்த இடத்தைக் கொடுத்தவள் நான்.

பொழுது உச்சிக்கு வந்தபோது பொன்னி ஓடி வந்து, "அம்மிணி, மோரு குடுங்கம்மிணி, தாகமா இருக்குதுங்" என்று, எக்கி எக்கி டம்ளரை உருவி எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி நின்றது. நான் படிமேல் நின்று, வழக்கம்போல் உயரத் தூக்கி ஊற்றினேன். கிட்டே வந்து குனிந்திருந்தால் வாசம் அடித்திருக்கும். உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் அடியில் ஒட்டியிருந்தது தெரிந்திருக்கும். மோர் வெள்ளை, தண்ணி பட்ட அந்த மருந்தும் வெள்ளை. அவ்வளவு தூரத்திலிருந்து ஊற்றுகிறவளுக்கு என்ன தெரியும்? ராசம்மா தினமும் ஓடும் தண்ணியில் மண் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் குடிப்பாள். குழந்தைக்கு அது தெரியவில்லை. தாகம், மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "கசக்குதுங்" என்றது. "வெயில்ல புளிச்சிருக்கும், போ" என்றேன். நீ அந்தப் படியில்தான் உட்கார்ந்து பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தாய்.

கொஞ்ச நேரத்தில் வரப்பில் ராசம்மாவின் அலறல் கேட்டது. குழந்தைக்கு வாயெல்லாம் எச்சில் ஒழுகி, வாந்தியும் பேதியுமாகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் போட்டு சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நானும் ஏறினேன். என் சீலையெல்லாம் அந்தக் குழந்தையின் வாந்தி. நம்புவாயா, அந்த நேரத்திலும் என் மனசு ஒரு மூலையில், வீட்டுக்குப் போனதும் இந்தச் சீலையை என்ன செய்வது என்று கணக்குப் போட்டது. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. "எதத் தின்ன சாமி, எதத் தின்ன" என்று ராசம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். ஜீப்பு சித்தூருக்குப் பாதி தூரம் போவதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வாசம் எனக்குத் தெரியாததா? ஆனாலும் வாய் திறக்கவில்லை. சொன்னால் ஏன் அந்த டம்ளர் தாவாரத்தில் இருந்தது என்று சொல்ல வேண்டும்.

டாக்டர் குழந்தையின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "எந்தா குடிச்சது? மருந்து வல்லதும் குடிச்சோ?" என்று மலையாளத்தில் இரண்டு தரம் கேட்டார், மருந்து ஏதாவது குடித்ததா என்று. ராசம்மா தெரியாது என்று தலையை ஆட்டினாள். நான் சுவரைப் பார்த்தேன். அப்போது ஒரு நர்ஸம்மா ராசம்மாவைப் பிடித்துக்கொண்டு, குழந்தையை இப்படியா வளர்ப்பது, கை கழுவப் பழக்கமாட்டாயா, கண்டதையும் எடுத்து வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லித் தரமாட்டாயா என்று பத்துப் பேர் முன்னால் வைதாள். ராசம்மா தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றாள். தினமும் மண் போட்டு டம்ளர் தேய்த்தவள் அவள். கரண்டியை ஏழு தரம் கழுவுகிற நான், நோட்டு போட்ட நான், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு மறுபடியும் இழுத்தது. அதற்குப் பிறகுதான் அந்த நர்ஸம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு, மருந்து அளந்த டம்ளரில் குடித்திருக்கும் என்றேன். அந்த மருந்தின் பேரையும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதுவா எடுத்துக் குடிச்சிருச்சு, நாங்க பாக்கலை" என்றும் சேர்த்தேன். பொன்னி பிழைத்துவிட்டது. என் மாரியாத்தா புண்ணியம் என்று ஊரெல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், "இனி கேக்காம எதையாச்சும் எடுத்துக் குடிப்பியா, குடிப்பியா" என்று ராசம்மா புளிய விளாரால் அந்தக் குழந்தையை அடித்த சத்தம் வாய்க்கால் தாண்டி நம் வீட்டுக்குக் கேட்டது. நான் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். போய்த் தடுக்கவில்லை.

உன் பங்கு ஒன்று இருக்கிறது. குற்றம் என்று சொல்லவில்லை, ஆறு வயசுக் குழந்தைக்கு ஏது குற்றம். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கிணற்றடியில் நான் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது நீ வந்து, "அம்மா, அப்பா காத்தால அதுலதான் மருந்து ஊத்துனாரு. நான் பாத்தேன்" என்றாய். "பாத்துட்டு ஏன்டா சொல்லலை? புடுங்கி எறிஞ்சிருக்கலாம்ல?" என்று கத்தினேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்து, "நீதானம்மா அதத் தொடக் கூடாதுன்ன" என்றாய். சொல்லிவிட்டு, நான் சொல்லாமலே வாளியில் கையை விட்டுக் கழுவிக்கொண்டாய். அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன். அப்புறம் உன் வாயைப் பொத்தி, "இத ஆருகிட்டயும் சொல்லப்படாது, சாமி கண்ணக் குத்திரும்" என்றேன். ஒரு குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாதுகாப்பு, ஆபத்தைக் கண்டால் கத்து என்பது. பெற்றவர்கள் செய்தாலும் கத்து, சாமி பேரைச் சொல்லி மிரட்டினாலும் கத்து. நான் அதற்கு நேர்மாறாகச் சொல்லித்தந்தேன், அதுவும் சாமியைச் சாட்சிக்கு இழுத்து. அன்றைக்கு நோட்டில், "ராசம்மா மகளுக்கு வயிற்றுப்போக்கு. நம் குழந்தைகள் நலம்" என்று எழுதியிருக்கிறேன். எழுத்து அச்சுப்போல இருக்கிறது. டம்ளரைக் குழி தோண்டிப் புதைத்தேன். மறுவாரம் ராசம்மா வேலைக்கு வந்தபோது, சந்தையில் புதிதாக ஒரு டம்ளர் வாங்கி, அதே இடத்தில் செருகினேன். இதைத்தான் என்னால் இன்னும் மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அதே இடத்தில்!

உன் வீட்டிலிருந்து திரும்பி வந்த மறுநாள், சாமி கும்பிட்டுவிட்டு, சொசைட்டிக்குப் பால் ஊற்றிய கையோடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நடந்தேன். அத்தனை வருஷத்தில் அவள் வாசலை நான் மிதித்ததில்லை. ராசம்மாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது, குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள். "ஏனுங்கம்மிணி, இந்த வெயில்ல? ஆரையாச்சும் தாட்டி உட்டிருந்தா நானே வந்திருப்பனுங்க" என்று கட்டிலில் இடம் விட்டாள். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன், நின்றால் சொல்லாமல் போய்விடுவேன் என்று பயம். "ராசம்மா, அன்னைக்குப் பொன்னி தானா எடுத்துக் குடிக்கல. நாந்தான் ஊத்துனேன். மருந்து அளந்த டம்ளருன்னு பாக்காம ஊத்துனேன். ஆஸ்பத்திரியில பொய் சொன்னேன்." அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற கையை நிறுத்தக்கூட இல்லை.

"தெரியுமுங்க."

"எப்படி?"

"என்ற புள்ள வாயத் தொடச்சது நாந்தானுங்க. மருந்து வாசமும் மோரு வாசமும் ஒண்ணா அடிச்சுது. மோரு எங்கூட்ல ஏதுங்க?"

"தெரிஞ்சுமா அதைப் போட்டு அந்த அடி அடிச்ச?"

"வேற ஆரைங்க அடிக்கறது?" என்றாள்.

தண்ணி வேண்டும் என்றேன். "பானை அங்க இருக்குதுங்க, மொண்டுக்குங்க" என்றாள். எழுந்திருக்கவில்லை. பானைமேல் ஒரே ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது, பளபளவென்று. அந்த வீட்டில் எல்லோரும் குடிக்கிற டம்ளர். எடுத்து, உள்ளே பார்த்து, மொண்டு குடித்தேன். "கழுவி வெச்சுட்டுப் போங்க" என்றாள். கழுவி வைத்தேன். கிளம்பும்போது, "பொன்னிகிட்ட நீங்களே சொல்லுங்க. அஞ்சு வயசுல எல்லாருஞ் சொன்னத நம்பி, தான் திருட்டுத்தனமாக் குடிச்சுட்டம்னுதான் அவ இன்னும் நெனச்சுட்டிருக்கா. அவ புள்ளைங்களையும் அதச் சொல்லித்தான் மெரட்டறா" என்றாள். பொன்னி இப்போது மூணாறு பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள், பொங்கலுக்கு வருவாளாம். நான் சொல்வேன். நீயும் வந்தால் நல்லது. பார்த்தவர்களில் மிச்சம் நாம் இரண்டு பேர்தான்.

இனி தியாவின் சங்கதி. அடுத்த மாசம் நான் வருகிறேன். பழக்கியும் விடுகிறேன். மணலில் ஆடிவிட்டு வந்தால் சோப்பு, கக்கூஸ் போய்விட்டு வந்தால் சோப்பு, சாப்பிடும் முன் சோப்பு, வெள்ளிக்கிழமை நகம். குடிக்கிற பாட்டிலில் குடிக்காத எதையும் ஊற்றக் கூடாது, அந்தப் பினாயிலை இன்றைக்கே மாற்று, ஆசிட்டை எட்டாத உயரத்தில் பூட்டி வை. கசந்தால் துப்பச் சொல்லிக்கொடு. யார் ஊற்றிக் கொடுத்திருந்தாலும் துப்பட்டும், மரியாதை பார்க்க வேண்டாம். இதெல்லாம் நான் சொல்லித்தருவேன். ஆனால் செல்வி தொட்ட கையை அவள் ஏன் கழுவக் கூடாது என்பதை நீதான் சொல்ல வேண்டும், அப்பா சொன்னது தப்பு என்று உன் வாயால், சோபாவிலிருந்து எழுந்து நின்று. நீ சொல்லாமல் நான் சொன்னால் அது நிற்காது. நீ சொல்லவில்லை என்றால் நான் வரமாட்டேன், இந்தத் தடவை முட்டியைச் சாக்கு வைக்கமாட்டேன்.

திட்டுமேல் இருந்த டம்ளரைத் தேடியிருப்பீர்கள். அது என்னிடம்தான் இருக்கிறது. சேலைக்குள் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவில் பஸ் நின்றபோது எடுத்துப் பார்த்தேன். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. உப்புத் தண்ணியின் கறையா, வேறெதுவுமா, எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாது, ஏனென்றால் உங்கள் வீட்டில் ஒருத்தரும் அதன் உள்ளே பார்த்ததில்லை. அதைத் திருப்பித் தரமாட்டேன். இதைப் படித்து முடித்த மறுநாள் காலையில் செல்வி வருவாள். கண்ணாடி அலமாரியைத் திறந்து உங்கள் டம்ளர் ஒன்றை எடுத்து, உள்ளே பார்த்து, கிட்டே நின்று ஊற்றி, அவள் கையில் கொடு. தியா பார்க்கும்படி கொடு.

அம்மா